வ.உ.சி. விற்ற ஷேருக்குள் ஒரு கத்தரி!

உங்களுக்குத் தெரியுமா? டீக்கடையில் உட்கார்ந்து "ஷேர் ஏறிடுச்சு, ஷேர் இறங்கிடுச்சு" என்று பேசுகிறோமே, அந்த ஷேர் வந்த வழி வெட்டுகிற வழி! பழைய ஆங்கிலத்தில் 'ஷியரன்' என்றால் வெட்டு. தலைமுடியை வெட்டவும் அதே சொல், ஆட்டு ரோமம் கத்தரிக்கவும் அதே சொல், போர்க்களத்தில் வாளால் வெட்டவும் அதே சொல்! அந்தச் சொல்லின் வேரிலிருந்து, வெட்டிப் பிரித்த துண்டு என்ற பொருளில் கிளம்பியதுதான் ஷேர். வயது ஆயிரம் வருஷத்துக்கு மேல்!

அந்த ஷேரைத் தூத்துக்குடியில் 40,000 துண்டாக வெட்டினார் ஒரு வக்கீல்! யார் என்று சொல்லவும் வேண்டுமா? வ.உ.சி.! 1906-ல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு ஷேர் 25 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், பைசா பிசகாது!

அந்த 40,000-ல் 8,000 ஷேரை ஒரே மனிதர் வாங்கினார்! ஹாஜி முகமது பக்கீர் சேட். எடுத்து வைத்தது 2 லட்சம் ரூபாய். கப்பல் கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே கையில்!

வெட்டு அதோடு நின்றதா? டிக்கெட் விலையிலும் விழுந்தது! கொழும்பு போக 1 ரூபாய் போதும் என்றது வெள்ளைக்காரக் கம்பெனி. இங்கே 8 அணா என்றார் வ.உ.சி. உடனே அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறுங்கள் என்றார்கள். கூடவே ஆளுக்கொரு குடை இலவசம்! இந்தக் காலத்து ஆடித் தள்ளுபடிக்காரர்கள் எல்லாம் அந்தக் குடையிடம் பாடம் படிக்க வேண்டும்!



இப்படி மோதியவரைச் சர்க்கார் விட்டுவைத்ததா? 1908-ல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை. 20-ம் 20-ம் 40 வருஷம்! மேல்முறையீட்டில் குறைந்தது, அது வேறு கதை. கம்பெனி கலைந்தது 1911-ல். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது 2011-ல். சரியாக 100 வருஷம்! இதை எங்கேயாவது கவனித்திருக்கிறீர்களா?

சரி, ஷேரின் சொந்தக்காரர்களைப் பார்ப்போமா? அசந்து போவீர்கள்! ஷர்ட், ஸ்கர்ட், ஷார்ட்ஸ் மூன்றும் இந்த வெட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள்! இதில் ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஒரே சொல்லின் இரண்டு உருவம். ஒன்று இங்கிலாந்தில் வளர்ந்தது, மற்றொன்று ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்தது. வந்தபோது ஸ்கர்ட்டுக்கும் சட்டை என்றுதான் பொருள்! பாவாடையானது பிறகு!

நம் ஊரில் மட்டும் என்ன? துணி என்றாலும் வெட்டுதான்! துணித்தான் என்றால் வெட்டினான். வெட்டி எடுத்தது துணி, துண்டாக்கித் தோளில் போட்டது துண்டு! தேம்ஸ் கரைக்காரனும் தாமிரபரணிக் கரைக்காரனும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்!

இன்னொன்று கேளுங்கள். சங்க காலத்தில் அறுவை என்றால் புடவை, வேட்டி, துணிமணி! மதுரையில் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே ஒரு புலவர் இருந்தார். ஜவுளிக்கடைக்காரர்! இன்றைக்கு அறுவை என்றால் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் போரடிக்கிற பேச்சு. போரடிப்பவருக்கு நாம் வைத்த பெயர்களைப் பாருங்கள்: அறுவை, ரம்பம், பிளேடு! மூன்றும் வெட்டுகிற சமாசாரம்! உலகத்தில் வேறு யாருக்காவது இவ்வளவு கோபம் வந்திருக்குமா?

கிரிக்கெட் ஸ்கோர்? அதுவும் ஷியரன் சொந்தம்தான்! அந்தக் காலத்தில் ரன் எடுத்தால் குச்சியில் ஒரு வெட்டு வெட்டிக் கணக்கு வைத்தார்கள்! ஸ்கோர் என்றால் 20 என்றும் ஒரு பொருள். எண்ணி எண்ணி இருபதுக்கு ஒரு வெட்டுப் போட்ட பழக்கம்!

கத்தரிக்கோலைச் சொல்லும் சிசர்ஸ்? அதுவும் இந்தக் குடும்பம் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! அது லத்தீன் வீட்டுப் பிள்ளை!

கட் என்ற சொல்லாவது ஆதிகாலத்துச் சொல்லா? பழைய ஆங்கில ஏடுகளில் அது கண்ணில் படவே இல்லை! தலைகாட்டியது சுமார் 1300-ல்தான். அதற்கு முன்னால் வெள்ளைக்காரன் 'கட்' சொல்லாமலேயே வெட்டிக்கொண்டிருந்தான்!

சரி, தூத்துக்குடிக்குத் திரும்புவோம். முத்துக் கரைக்கு வந்துவிட்டு முத்துக் கணக்கு பார்க்காமல் போவதா? வெள்ளைக்காரர் காலத்தில் கடலிலிருந்து வந்த சிப்பியை மூன்று கூறு போட்டார்கள். இரண்டு கூறு சர்க்காருக்கு. உயிரைக் கையில் பிடித்து முழுகினவர்களுக்கு ஒரே ஒரு கூறு! மூச்சடக்கியவர் ஒருத்தர், முக்கால்வாசியை நெருங்கிக் கொண்டு போனவர் இன்னொருத்தர்!

சர்க்கார் தன் கூறை எப்படி விற்றது? ஆயிரம் ஆயிரமாக, திறக்காமலே ஏலம்! உள்ளே முத்து இருக்கிறதா, மணல் இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. லாட்டரிக்கு அப்பன்!

வாங்கின சிப்பியைக் கத்தி வைத்துப் பிளந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் கிடையாது! குவித்துப் போட்டு அழுக விட்டார்கள். ஈயும் புழுவும் தின்று முடித்த பிறகு கழுவி அலசி முத்தைப் பொறுக்கினார்கள். ராணி கழுத்தில் மின்னியதெல்லாம் இந்த நாற்றத்தில் குளித்து வந்ததுதான்!

கத்தி வந்தது பிற்பாடு! 1973-ல் தூத்துக்குடி பக்கம் வேப்பலோடையில் விஞ்ஞானி அழகர்சாமி உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். ஒரு சிப்பியின் சதையில் மில்லிமீட்டர் கணக்கில் துளியூண்டு வெட்டி, இன்னொரு சிப்பிக்குள் ஒரு மணியோடு சேர்த்து வைக்கிற வித்தை. சிப்பிக்கு ஆபரேஷன்!

அறுபடுவதில் இந்தக் கரையின் அசல் கில்லாடி யார் தெரியுமா? சங்கு! பாறை மாதிரி கெட்டி. அதை வளையம் வளையமாக அறுத்து வளையல் செய்தார்கள். அகநானூற்றிலேயே சங்கு அறுக்கிற ஆள் வருகிறார். அதுவும் யார்? வேள்வி செய்யாத பார்ப்பனர்! ஓமகுண்டத்தை விட்டுவிட்டு அரம் பிடித்தவர்!

நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்ற நக்கீரர் இருக்கிறாரே, அவரும் சங்கறுக்கும் குலம் என்பது கதை. சிவபெருமானே அதைச் சொல்லிக் கேலி செய்தாராம்!

கதையை விடுங்கள், சாட்சி வேண்டுமா? பழைய துறைமுகம் கொற்கையின் மண்ணில் ரம்பம் பட்ட தடத்தோடு சங்குத் துண்டுகள் கிடைத்தன! மீன்துறை அதிகாரி ஜேம்ஸ் ஹோர்னெல் 1914-ல் சங்குக்காகவே ஒரு தனி நூல் எழுதினார். கொற்கையில் வளையல் தொழில் நடந்ததற்கு அந்தத் துண்டுகளைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்!

வங்காளத்தில் கல்யாணமான இந்துப் பெண்கள் கையில் வெள்ளை வளையல் பார்த்திருப்பீர்கள். சங்கு வளையல்! அதற்குத் தூத்துக்குடிச் சங்கு மூட்டை மூட்டையாகக் கல்கத்தா போனது. டாக்காவில் சங்கறுப்பவர்கள் பெயரில் ஒரு தெருவே உண்டு: ஷாங்காரி பஜார். முழுகியது நம் ஆள், அறுத்தது அவர்கள் ஆள்!

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடியில் அருவாளுக்கு வேறு வேலை. பனம்பாளையைச் சீவ வேண்டும், வெட்டக் கூடாது! மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் சொட்டும். அதைக் காய்ச்சி எடுக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!

கையோடு ஒரு ஊர்ப் பெயர். தூத்துக்குடி பக்கத்தில் சாயர்புரம். சாயர் என்பவர் பெயரில் எழுந்த ஊர். ஆங்கிலத்தில் சாயர் என்றால் என்ன? ரம்பம் போட்டு மரம் அறுப்பவர்! ஆக, தமிழில் சொன்னால் மரமறுப்பான்புரம்!

அந்த ரம்பச் சொல்லின் வேரைத் தோண்டினால் லத்தீன் சொந்தங்கள் வரிசை கட்டி வருகின்றன. பள்ளிக்கூட செக்‌ஷனும் வெட்டு, பூச்சியைச் சொல்லும் இன்செக்டும் வெட்டு! உடம்பு துண்டு துண்டாக வெட்டின மாதிரி இருக்கிறதாம், அதனால் அந்தப் பெயர். நம் வகுப்பு? வகு என்றால் பிரி! ஆறாம் வகுப்பு 'ஏ' செக்‌ஷன் என்றால் பிரித்ததை மறுபடி வெட்டியது!

ஜி.யு. போப் அந்தச் சாயர்புரத்தில் வந்து இறங்கியது 1842-ல். அப்போதே ஊருக்கு அந்தப் பெயர்! உலகப் புகழ் டாம் சாயரை மார்க் ட்வைன் புத்தகமாகக் கொண்டுவந்தது 1876-ல். நம் சாயர் அவனைவிடக் குறைந்தது 34 வருஷம் மூத்தவர்!