மைக்ரோவேவ் ஓடினால் வைஃபை ஸ்பீக்கரில் பாட்டு ஏன் அறுபடுகிறது?

ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றைய சாம்பாரைச் சூடாக்க மைக்ரோவேவைத் தட்டுகிறீர்கள். பல்லவி பாதியில் நிற்கிறது. ‘டிங்’ என்றதும் மறுபடி பாடுகிறது. நெட் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

வைஃபையில் பாட்டு ஒரே ஓட்டமாக வருவதில்லை; சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. ஸ்பீக்கர் சில விநாடிப் பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் சற்று நின்றாலும் குழாயில் தண்ணீர் வரும். தொட்டி காலியானால்தான் வெறும் காற்று.

மோட்டாரை நிறுத்துவது யார்?

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில். வைஃபையின் பழைய அலைவரிசையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். கதவு இடுக்கில் கசிவது துளிதான், உடம்புக்குப் பயமில்லை. ஆனால் வைஃபை சிக்னல் அதைவிட மெலிந்தது. மிக்ஸி பக்கத்தில் நின்று ரகசியம் பேசிப் பாருங்கள், புரியும். தொலைந்த பொட்டலத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் தொட்டி வற்றிவிடுகிறது.

ஸ்பீக்கரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். அடுப்பின் சத்தம் அங்கே எட்டாது. ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டச் சிரமப்படும். அழகுக்காக ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்களா? முதலில் அதை வெளியே எடுங்கள்.