வைத்தியர் திண்ணையிலிருந்து மாத்திரை அட்டைக்கு

1675இல் கொச்சியில் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் செடிகளின் குணத்தைச் சொல்லச் சொல்ல, டச்சுத் தளபதி வான் ரீட் ஆள் வைத்து எழுதி வாங்கினார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்கள் மூவரும் உடனிருந்தார்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறிய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' அப்படிப் பிறந்ததுதான். அதன் பத்தாம் தொகுதியில் 'காட்டு செட்டிப்பூ' என்றொரு செடி. நம் மாசிபத்திரி. இலையின் மேல்புறம் பச்சை, அடிப்புறம் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுப்பு. கசக்கினால் வாசனை மூக்கில் ஏறும், வாயில் வைத்தால் கசப்பு லேசில் போகாது.

இதற்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளி உண்டு: அப்சிந்த். அங்கேயும் அது முதலில் குடற்புழுவுக்கும் மந்தத்துக்கும் மருந்துதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் அதைச் சாராயத்தில் ஊறப்போட்டு வடித்தார்கள். 1840களில் அல்ஜீரியாவில் பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குக் காய்ச்சல் அண்டாமலிருக்க ஊற்றிக் கொடுத்தார்கள். ஊர் திரும்பியவன் சும்மா இருப்பானா? பாரிஸ் முழுக்கப் பச்சைக் கிளாஸ். குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று செடியின் மேல் பழி போட்டு, சுவிட்சர்லாந்து 1910இலும் பிரான்ஸ் 1915இலும் தடை செய்தன. கெடுத்தது பெரும்பாலும் சாராயம்தான் என்பது பிறகு தெளிந்தது. 2005இல் சுவிட்சர்லாந்தில் தடை நீங்கியது.

அச்சுதன் சொல்லி எழுதிய கொச்சியின் மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் குவிந்திருந்த கிடங்குகள் பலவும் இன்று பழம்பொருள் கடைகளாகிவிட்டன. யூதத் தெருவில் ஏலக்காய்ப் பொட்டலமும் வாசனை எண்ணெய்க் குப்பியும் சுற்றுலாக்காரர்களுக்காகக் காத்திருக்கின்றன. அங்கே அப்சிந்த் என்றால் யாருக்கும் புரியாது. யூனானி ஹக்கீம் அதை அஃப்சந்தீன் என்பார், ஹோமியோ டாக்டர் அப்சிந்தியம் என்று சீட்டெழுதுவார். தமிழ்ப் பெண்கள் பூவோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்தும் இந்த வகையறாதான். அதன் எண்ணெய் வெளிநாட்டு சென்ட்டுக்குப் போகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. மலையாளி வாயால் சொன்ன வைத்தியம் ஹோர்த்தூஸின் லத்தீனுக்குள் போனது போனதுதான். தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து அந்த நூலை 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் கொண்டுவந்த பிறகே அச்சுதனின் ஊரார் அதை முழுதாகப் படிக்க முடிந்தது.

சீனத்தில் மாசிபத்திரியின் குடும்பத்துச் செடி ஒன்றிலிருந்து மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்த து யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது கேரளத்தில் மலேரியா பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறவர்களோடு வருவதுதான். ஃபால்சிபாரம் வகை என்றால், அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை அட்டையில் அந்த ஆர்ட்டெமிசினின் வழிவந்த ஆர்ட்டீசுனேட் என்றோ ஆர்ட்டீமீத்தர் என்றோ அச்சடித்திருக்கும்.