‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்: வேர்களும் பொருள்களும்

முன்னுரை

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல், தமிழின் ‘காசு’ என்பதிலிருந்து பிறந்தது என்னும் கருத்து பரவலாக வழங்கி வருகிறது. ஒலியும் பொருளும் ஒத்திருத்தலே இக்கருத்துக்கு அடிப்படை. ஆயின், ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என ஒரே வடிவில் இரு பெயர்ச்சொற்கள் உள்ளன. அவற்றின் வேர்களைப் பிரித்துக் காட்டித் தமிழுக்குரிய பங்கை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெட்டியிலிருந்து பணம்

ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பெட்டி என்னும் பொருளுடைய ‘காப்ஸா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இச்சொல் இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ எனவும் பிரெஞ்சில் ‘காஸ்’ எனவும் திரிந்து, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. தொடக்கத்தில் அது பணப்பெட்டியையும் குறித்தது. பின்னர்ப் பெட்டியின் பெயர் அதனுள் இருந்த பணத்திற்கு ஆயிற்று. தமிழ் இலக்கண மரபில் இதனை இடவாகுபெயர் எனலாம். கையிருப்புப் பணம், கடனின்றி உடனே செலுத்தும் தொகை, பணமாக மாற்றுதல் என்னும் பொருள்கள் இதிலிருந்தே கிளைத்தன. மருந்துக்குரிய ‘கேப்சூல்’ என்பதும் ‘சிறுபெட்டி’ எனப் பொருள்படும் இதே வேரின் வழிச்சொல்லாகும். ‘காசு’ மூலமாயின், பெட்டி என்னும் பழம்பொருளுக்கு விளக்கம் கிடைக்காது.

காசிலிருந்து நாணயம்

இரண்டாவது ‘கேஷ்’, கீழை நாடுகளில் வழங்கிய சிறுமதிப்பு நாணயத்தைக் குறிப்பது. இதுவே தமிழ்க் ‘காசு’. போர்த்துக்கீசியர் இச்சொல்லைக் ‘கைஷா’ என வழங்கினர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி இவ்வழியைச் சுட்டுவதோடு, ‘காசு’ என்பதனை ‘கர்ஷ’ என்னும் வடமொழி எடைப்பெயரோடும் தொடர்புபடுத்துகிறது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணய முறையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். எனவே ஒரு வராகனுக்கு 3360 காசு. 1803இல் இங்கிலாந்தில் அடித்துச் சென்னைக்கு அனுப்பப்பட்ட செப்பு நாணயத்தில் ‘20 கேஷ்’ எனப் பொறிக்கப்பட்டிருந்தது. இம்முறை 1818 வரை நிலவியது. நடுவே சதுரத் துளையுடைய சீன நாணயத்தையும் ஐரோப்பியர் இப்பெயராலேயே அழைத்தனர். சீனர் அதனை எண்ணிய அலகின் பெயர் ‘வென்’ என்பதாகும்.

சந்திப்பு

போர்த்துக்கீசிய மொழியில் ‘கைஷா’ என்பதற்குப் பெட்டி என்றும் பொருள் உண்டு. அதுவும் ‘காப்ஸா’ வழிவந்ததே. வேற்றுச்சொல்லைத் தம் நாவுக்குப் பழகிய ஒலியில் அமைத்துக்கொள்வது மக்கள் இயல்பு. ஆகவே காசும் பெட்டியும் அம்மொழியில் வடிவால் ஒன்றாயின. ஆங்கிலத்திலும் அவ்வாறே நின்றன. இரண்டும் பணம் சார்ந்த சொற்களாதலின் மயக்கம் மிகுந்தது.

இதனைப் பலபொருள் ஒருசொல் எனக் கொள்ளல் பொருந்தாது. வேறு வேறு வேருடைய இரு சொற்கள் ஓருருவாய் நிற்பதாகக் கொள்வதே பொருத்தம். ‘கேஷியர்’ என்பதிலும் இந்நிலை உண்டு. பணம் பெறுவோரைக் குறிக்கும் பெயர்ச்சொல் பெட்டி வழியது. படைப்பணியிலிருந்து இழிவுடன் நீக்குதலைக் குறிக்கும் வினைச்சொல்லோ, ‘நீக்கு’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து டச்சு வழியாக வந்த வேற்றுச்சொல்.

தமிழில் காசு

குறுந்தொகை 67ஆம் பாடலில் ‘காசு’ பொன்னணியில் கோக்கப்படும் உறுப்பைக் குறிக்கிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் அது கொடைகளை அளவிடும் நாணயம். கம்பெனிக் காலத்தில் அது மிகச் சிறிய செப்பு நாணயமாயிற்று. மதிப்பு குறைந்தபோதும் சொல் நிலைத்தது. இன்று பொதுவாகப் பணத்தையே குறிக்கிறது. ‘காசோலை’, ‘காசாளர்’ என்னும் ஆக்கங்கள் அதன் உயிர்ப்பைக் காட்டுகின்றன.

முடிவுரை

ஒலியொப்புமை ஆய்வின் தொடக்கமாகலாம், முடிவாகாது. சொல் எவ்வழியாக, எப்பொருளோடு, யாரிடமிருந்து வந்தது என்பதை நிறுவுதலே சொற்பிறப்பியல். ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ தமிழ்ச் சொல் அன்று. சென்னை முதல் சீனம் வரை சிறுநாணயத்தின் பெயராய் வழங்கிய ‘கேஷ்’ தமிழ்ச் சொல்லே. முன்னதையும் தமிழுக்கு உரித்தாக்க முயல்வது, சான்றோடு நிற்கும் பின்னதன் உரிமையையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.