உப்பேறிய கிணற்றுக்காக நாடாளுமன்றத்தில் யார் பேசுவது?

நீதிமன்றத்தில் வென்றதை நாடாளுமன்றத்தில் இழக்க முடியும். நாகைக் கடலோரத்து இறால் பண்ணை வழக்கில் அதுதான் நடந்தது.

1990களில் நாகைப் பகுதியில் நெல் வயல்கள் இறால் குட்டைகளாக மாறின. நடவு, களையெடுப்பு, அறுவடை என்று கூலி கிடைத்த இடத்தில், காவலுக்கும் தீவனம் போடவும் சிலர் போதும் என்றானது. உப்புநீர் கசிந்து பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டன. நிலம் வைத்திருந்தவர் விற்றுவிட்டுப் போக முடிந்தது. விற்க ஒரு சென்ட் நிலமும் இல்லாத தலித் கூலிக் குடும்பங்கள் உப்புத் தண்ணீரோடு அங்கேயே இருந்தன.

அந்த மக்களைத் திரட்டிப் போராடியவர்கள் காந்தியவாதி ஜெகந்நாதனும், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாளும். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரபுவழிப் பண்ணைகள் தவிர, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது; இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும்; கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது தீர்ப்பு.

2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலோர மண்டல அறிவிக்கையின் தடை இத்தகைய பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று 1991 முதலே முன்தேதியிட்டு அந்தச் சட்டம் சொன்னது. தீர்ப்பின் பல் பிடுங்கப்பட்டது. 2023-இல் வந்த திருத்தம் பண்ணைகளுக்கான அந்த அனுமதியை மேலும் உறுதியாக்கியது.

சுற்றுச்சூழலுக்காகப் போராடுகிறவர் தேர்தலில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். வீதியில் பெற்றதையும் நீதிமன்றத்தில் பெற்றதையும் காப்பாற்ற, சட்டம் இயற்றும் இடத்தில் ஒரு குரல் வேண்டும்.

ஏழில் ஐந்து

தமிழ்நாட்டில் 7 தனி மக்களவைத் தொகுதிகள் உள்ளன. அவற்றில் திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம் ஆகிய 5 தொகுதிகள் கடலைத் தொடுகின்றன. பழவேற்காடு ஏரி, மரக்காணம் உப்பளம், பிச்சாவரம் அலையாத்திக் காடு, வேதாரண்யம் சதுப்பு நிலம் எல்லாம் இவற்றுக்குள்தான் வருகின்றன. ஆனாலும் இந்தத் தொகுதிகளில் தேர்தல் மேடை ஏறுகிறவர்களிடம் கடலோரக் காலனியின் குடிநீரைப் பற்றி நாம் கேட்பது குறைவு. தனித் தொகுதி என்பது நம்மில் ஒருவர் நிற்பதற்கான வாசல். உள்ளே போய் என்ன பேசுவது என்பதை அது தானாகத் தீர்மானித்துவிடாது.

மனுத் தாக்கல் செய்ய

வேட்பாளருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மக்களவைத் தேர்தலுக்கு டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 12,500 ரூபாய். பொதுத் தொகுதியில் நின்றாலும் இந்தச் சலுகை உண்டு என்பது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரிவதில்லை. சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். சுயேச்சையாக நின்றால் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். போராட்ட வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே மனு தள்ளுபடியாகாது. ஆனால் பிரமாணப் பத்திரத்தில் அதை மறைக்கக் கூடாது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால், தோற்றாலும் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர் அந்தக் கணக்கோடு போட்டி போட முடியாது.

2014 சொன்ன பாடம்

2014-இல் கூடங்குளம் அணு உலை எதிர்ப்பாளர்கள் ஆம் ஆத்மி கட்சி சார்பில் களம் இறங்கினார்கள். கன்னியாகுமரியில் சுப. உதயகுமார் 15 ஆயிரத்துக்குச் சற்று மேலும், தூத்துக்குடியில் மை.பா. புஷ்பராயன் 26 ஆயிரத்துக்கு மேலும் வாக்கு பெற்றனர். வென்றவர்கள் மூன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள். இருவருக்கும் டெபாசிட் போனது.

ஒரு மக்களவைத் தொகுதியில் கடற்கரை என்பது ஓர் ஓரம் மட்டுமே. மீனவர் குப்பத்தின் வாக்கு மட்டும் போதாது. உள்ளே இருக்கும் காலனியும் ஊரும் கூட வர வேண்டும். சுற்றுச்சூழல் என்றால் கடலும் மீனும் மட்டும்தான் என்று பேசினால், களையெடுக்கப் போகிற அக்காவுக்கு அது தன் பிரச்சினையாகத் தெரியாது. கிணறு, கூலி, மேய்ச்சல் புறம்போக்கு, பட்டா, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றோடு சேர்த்துப் பேசினால் தெரியும்.

வார்டில் தொடங்கலாம்

இங்கிலாந்தின் கடற்கரை நகரம் பிரைட்டன். 2010-இல் அங்கே பசுமைக் கட்சியின் கேரலைன் லூகாஸ் 1,252 வாக்கு வித்தியாசத்தில் வென்று, அக்கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்த நகர்மன்றத்தில் கட்சிக்கு முதல் இடம் கிடைத்தது 1996-இல். வார்டு வார்டாக வேலை செய்து நாடாளுமன்றம் போய்ச் சேர 14 ஆண்டுகள் ஆயின.

நமக்கும் ஊராட்சியில் இடஒதுக்கீடு இருக்கிறது. கிராம சபை இருக்கிறது. கிணற்று நீர் உப்பாகிவிட்டது என்று அங்கே ஒரு தீர்மானம் போட்டால், அது பதிவேட்டில் ஏறும். நாளைக்கு வழக்குக்கும் அது ஆதாரம், தேர்தல் பிரசாரத்துக்கும் அதுவே துண்டறிக்கை. வார்டு உறுப்பினராக ஐந்து ஆண்டு உழைத்தவரைத் தொகுதி அடையாளம் கண்டுகொள்ளும்.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். 2005 சட்டத்தைப் பற்றி உங்கள் நிலை என்ன? எங்கள் கிணற்றைப் பற்றி மக்களவையில் பேசுவீர்களா? பதில் வராவிட்டால், பதில் சொல்லக்கூடிய ஒருவரை நம் தெருவிலிருந்தே நிறுத்தப் பத்துக் கையெழுத்து போதும்.