கிண்ணத்து மிதவை
1955-இல் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியா ஸ்தாபனத்தார் திருவொற்றியூரில் உருவாக்கிய பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்கள் இன்றும் நம் வீதிகளில் முழங்குகின்றன. அவற்றின் கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணம். அதனுள் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் உயர்ந்து, ஊசியைத் தள்ளித் துவாரத்தை அடைத்துவிடும். மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து செய்கிற காரியமேதான்.

மட்டம் தாழ்ந்தால் வேகமாகச் செல்லுகையில் யந்திரம் பெட்ரோல் போதாமல் திணறும். உயர்ந்தாலோ, ப்ளக்கில் கரி படியும், பெட்ரோல் வழியும். கொதிக்கும் யந்திரத்தருகே பெட்ரோல் சொட்டுவதன் அபாயத்தைச் சொல்லவும் வேண்டுமோ? "பழைய வண்டி, அப்படித்தான் ஒழுகும்" என்று சமாதானம் கூறுவோரை நாம் ஒப்புவதற்கில்லை.

யந்திரம் ஆறியபின், வெட்டவெளியில், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்க்கவேண்டும். உள்ளே சளசளவென்றால் அது ஓட்டை; மாற்றியே தீரவேண்டும். ஊசிமுனை தேய்ந்திருந்தாலும் அப்படியே. இவை செம்மையாயிருந்தும் ஒழுகினால்தான் மட்டத்தைத் தொடலாம். பித்தளை மிதவையில் ஊசியைத் தொடும் உலோக நாக்கை ஊசிப்பக்கம் இம்மியளவு வளைத்தால் மட்டம் தாழும். எதிர்ப்பக்கம் வளைத்தால் உயரும். பிளாஸ்டிக் மிதவைகள் சிலவற்றில் இந்த நாக்கே இராது. சரியான அளவு வண்டிக்கு வண்டி வேறு; கைப்புத்தகத்தில் மில்லிமீட்டர் கணக்கில் காணலாம். பூட்டியபின் குழாயைத் திறந்து, ஐந்து நிமிஷம் காத்திருந்து, ஒரு சொட்டும் விழவில்லையென்று கண்ட பிறகே வண்டியை உதைக்கவேண்டும்.