கடன்மீனைப் புதிதாய்ச் சேர்த்தல்

கல்லாவி போன்ற உள்நாட்டூரில் கடன்மீன் (கடன்பட்டு வாங்கிய மீனன்று!) வளர்க்கப் புகுவோர், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்புக் கலவை கரைத்து நீரைத் தாமே ஆக்கல் வேண்டும், சமையலுப்பு உதவாது. மீனைத் தேருங்கால் நிறத்தில் மயங்காது, நம் கண்முன் அஃது இரையுண்கின்றதா என நோக்குக. மண்டபத்து மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனம்பெருக்கியுள்ளனர்; அங்ஙனம் பிறந்தவை, பவளப்பாறையிற் பிடிபட்டவற்றினும் எளிதிற் பழகும்.

உப்பளவு திடீரென மாறின் மீனுடலின் நீர்ச்சமநிலை குலையும். ஆதலின் தொட்டிநீரைத் துளித்துளியாய்ச் சேர்த்துப் பழக்குக. இதனினும் பெரிது தனித்தொட்டி. வெண்புள்ளி நோயின் நுண்ணுயிர் மீனுடலை நீங்கித் தொட்டியடியிற் கூடமைத்து, வாரக்கணக்கிற் கிடந்து, பலவாய்ப் பெருகி வெளிப்படும். எனவே நலமாய்த் தோன்றும் புதுமீனையும் ஒரு திங்களேனும் பிரித்து வைத்தல் வேண்டும். ஆவலால் அன்றே இட்டால், பழைய மீன்கள் யாவும் மடியக்கூடும். சண்டைக்குணமுள்ளவை இறுதியிற் புகுக. முன்புகுந்தால் இடத்தைத் தமதெனக் கொண்டு, பின்வருவனவற்றை விரட்டும்.