18 வயதுக்குப் பின் கையெழுத்து யாருடையது?

புது தில்லி: ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரை வாழ்நாள் முழுவதும் வாட்டும் கேள்வி ஒன்று உண்டு: "எங்களுக்குப் பிறகு யார்?" அப்பிள்ளைகள் 18 வயதை எட்டும்போது இன்னொரு கேள்வியும் எழுகிறது. இனி அவர்களது வாழ்க்கையைப் பற்றி முடிவெடுப்பவர் பெற்றோரா, அவர்களேவா?

முதல் கேள்விக்கு விடை காணும் முயற்சியாக நாடாளுமன்றம் 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி, தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவர் கொண்ட உள்ளூர்க் குழுவே காப்பாளரை நியமிக்கலாம் என்றது அச்சட்டம். நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை என்பது பெற்றோருக்குப் பெரும் நிம்மதி.

ஆனால், காப்பாளர் தேவையா, எந்தக் காரியத்துக்காகத் தேவை என்ற இரு கேள்விகளையும் குழு பரிசீலிக்க வேண்டும் என்று அதே சட்டம் கூறுவதைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளை 18 வயதை எட்டியதும் முதல் வேலையாகக் காப்பாளர் சான்றிதழ் பெறுவதே வழக்கமாகிவிட்டது.

இதற்கிடையே, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்று உறுதி செய்தது. சட்டத்தின் முன் மற்றவர்களுக்கு நிகரான தகுதி மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்கிறது அதன் 12-ஆவது பிரிவு.

இரண்டே ஆண்டுகளில் இந்தக் கோட்பாடு உச்ச நீதிமன்றத்தில் சோதனைக்கு உள்ளானது. சண்டீகர் அரசுக் காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுடைய பெண் ஒருவர் பாலியல் வன்முறையால் கருவுற்றார். குழந்தையைப் பெற்றெடுக்க அவர் விரும்பியபோதும், கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு 2009-இல் அதை நிறுத்திவைத்தது. வயது வந்த அப்பெண்ணின் சம்மதமின்றிக் கருக்கலைப்பு கூடாது என்றது. தாயையும் சேயையும் பராமரிக்க உதவத் தேசிய அறக்கட்டளை முன்வந்தது. உதவி தேவைப்படுபவர் என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை என்பதை உணர்த்திய தீர்ப்பு அது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி முன்னேறியது. அதன் 14-ஆவது பிரிவின்படி காப்பாளர் பொறுப்பு வரையறைக்கு உட்பட்டது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவரின் விருப்பத்துக்கேற்ப அவருடன் கலந்து முடிவெடுப்பதே காப்பாளரின் பணி. வேறு சட்டங்களின்கீழ் நியமிக்கப்பட்ட காப்பாளர்களும் இவ்வாறே செயல்பட வேண்டும் என்கிறது சட்டம்.

கல்வியிலும் வேலையிலும் இச்சட்டம் புதிய வாயில்களைத் திறந்தது. அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு 1 சதவீதம் உரியதாயிற்று. எழுதுவதில் சிரமமுள்ள மாணவி ஒருவருக்கு 'நீட்' தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது தவறென 2021-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. தேர்வு முகமைக்குச் சலுகையாகத் தெரிந்த அந்த ஒரு மணி நேரம் மாணவியின் சட்டபூர்வ உரிமை.

எனினும் உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்டுப் பெறும் பழக்கமும் வேண்டும். உடுத்தும் உடையைத் தாமே தேர்ந்தெடுப்பது, கையில் கொஞ்சம் பணம் வைத்துச் செலவிடுவது, பேருந்தில் சீட்டு வாங்குவது, பிடிக்காததை "வேண்டாம்" என்பது ஆகியவை இளமையிலேயே பழக வேண்டியவை. பேச இயலாதவருக்குப் படங்களும் சைகையும் மொழியாகலாம். பதினேழு ஆண்டுகள் யாரும் கருத்துக் கேட்காத ஒருவரிடம், பதினெட்டாவது பிறந்த நாளன்று முடிவைக் கேட்டால் மௌனமே பதிலாகும். அந்த மௌனத்தையே இயலாமைக்குச் சான்றாகக் கொள்வதுதான் அநீதி.

பெற்றோரின் அச்சத்தைக் குறைகூற முடியாது. ஏமாற்றுவோர் நிறைந்த உலகில் பாதுகாப்பும் அவசியமே. ஆதரவு இல்லங்களையும் வேலைப் பயிற்சியையும் துணையாளர்களையும் அரசு பெருக்காதவரை, சுதந்திரம் என்ற சொல் பெற்றோர் காதில் கைவிடலாகவே ஒலிக்கும். "எங்களுக்குப் பிறகு யார்?" என்ற கேள்விக்கு இன்னொரு காப்பாளரின் பெயர் மட்டும் விடையாகாது. தன் பெயரைத் தானே எழுதத் துணியும் பிள்ளையும், அந்தக் கையெழுத்தை மதிக்கும் அலுவலகமும் சேர்ந்ததே உண்மையான விடை.